கஜுவோடு கப்பலேறிய பிள்ளையார்

முதலில் என் மடமையைச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்திரேலியாவில் கஜு மரம் இல்லை. ஆகவே ஆஸ்திரேலியர் கஜுவைக் கண்டதேயில்லை. இதை நான் முழு மனதோடு நம்பினேன். நாங்கள் கஜு என்பதைத்தான் இந்திய நண்பர்கள் முந்திரிப் பருப்பு என்பார்கள். அதை உப்பும் மிளகாய்த்தூளும் போட்டு வறுத்து இந்த நாட்டுக்குள் முதன்முதலாகக் கொண்டுவரப் போகிறவன் நான்தான் என்று நினைத்துக்கொண்டு, கண்ணாடியில் என் முகத்தைப் பக்கவாட்டில் வேறு பார்த்துக்கொண்டேன்.

இரண்டாவது மடமையும் இருக்கிறது. வறுத்த கொட்டைக்கு உயிர் கிடையாது, உயிர் இல்லாத ஒன்றைக் கண்டு எந்த அரசாங்கமும் பயப்படாது என்றும் நம்பினேன்.

நான் கார் ஓட்டப் பழகிய கதையைச் சென்ற வாரம் இதே பத்தியில் வாசித்துவிட்டு, குவேக்கர்ஸ் ஹில்லில் இருந்து ஓர் அன்ரி தொலைபேசியில் கேட்டார்: "தம்பி, உமக்குப் பயமில்லாத விசயம் எண்டு ஒண்டாவது இருக்கோ?"

யோசித்துப் பார்த்தேன். ஒன்று இருக்கிறது அன்ரி. புல் வெட்டுவது.

எண்பதுகளின் நடுப்பகுதி. கோடை தொடங்கியிருந்த ஒரு சனிக்கிழமை காலை. மெரிலேண்ட்ஸில் எங்கள் வீட்டுப் பின்வளவில் புல்வெட்டும் மெஷினைத் தள்ளிக்கொண்டிருந்தேன். பெற்றோல் புகையும் வெட்டிய புல்லின் ஈர மணமும் கலந்து மூக்கில் ஏறின. அந்தப் புல்லோடு எனக்குத் தீராத பகை. வேலியோரம் பிடுங்கினால் மிளகாய்ப் பாத்திக்குள் வரும். பாத்தியில் பிடுங்கினால் கொங்கிறீற் வெடிப்புக்குள்ளிருந்து எட்டிப்பார்க்கும்.

குசினிக் கதவைத் திறந்துகொண்டு என் மனைவி சறோ ஓடிவந்தாள். கையில் நீல நிற வான்கடிதம். வாய் அசைந்தது, சத்தம் கேட்கவில்லை. மெஷினை நிறுத்தினேன்.

"தம்பியின்ரை கடிதம்! கப்பல் வெளிக்கிட்டிட்டுதாம்!"

வாங்கிப் படித்தேன். சறோவின் தம்பி பாலன் கொழும்பிலிருந்து எழுதியிருந்தான். தொண்ணூறு பெட்டி வறுத்த கஜு, தகரங்களில் அடைத்து, கப்பலில் ஏறிவிட்டது. அதற்குக் கீழே, இடம் போதாமல் ஓரத்தில் வளைத்து, இப்படி இருந்தது:

"அத்தான், ஒரு குறையும் விடவில்லை. முதலாம் இலக்கப் பெட்டிக்குள் மஞ்சளில் பிள்ளையார் பிடித்து, அறுகம்புல் சாத்தி, தகரங்களுக்கு நடுவில் வைத்திருக்கிறேன். வழியில் ஒரு விக்கினமும் வராது."

சறோ கண்ணைத் துடைத்தாள். "நாலு வருசமாய் நான் இஞ்சை அறுகம்புல் இல்லாமல் கும்பிடுறன். கிடைச்ச பூவை வச்சுச் சமாளிக்கிறன். அவன் பாருங்கோ, அங்கையிருந்து அனுப்பியிருக்கிறான்."

நான் நின்ற இடத்திலேயே புல்லுக்குள் குந்திவிட்டேன்.

ஒரு கிண்ணம் கச்சான்

ஏன் குந்தினேன் என்று சொல்வதற்கு முன், எப்படி மாட்டினேன் என்று சொல்ல வேண்டும்.

அப்போது லிட்கம்மில் ஒரு தொழிற்சாலையின் பண்டசாலையில் வேலை. வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் எல்லோரும் ஒன்றாக நின்று பியர் குடிப்பார்கள். நடுவில் ஒரு கிண்ணம் கச்சான், அதாவது இந்திய நண்பர்களின் வேர்க்கடலை. வாரம் தவறாமல் அதே கச்சான், அதே உப்பு.

ஒருநாள் பாலன் அனுப்பிய பொதியிலிருந்து வறுத்த கஜுவைக் கொண்டுபோய்க் கொட்டினேன். ஐந்து நிமிடத்தில் கிண்ணம் வெறுமை. கண்ணில் நீர் வடிய ஒருவன் விரலில் ஒட்டிய மிளகாய்த்தூளை நக்கிக்கொண்டு, "இன்னும் இருக்கிறதா மேட்?" என்றான்.

அங்கே என்னோடு வேலை செய்த சேவியர் மலேசியாவின் ஈப்போவில் இருந்து படிக்க வந்து, படித்து முடித்து எஞ்சினியராகி, திரும்பிப் போக மறந்தவன். தேவாலயப் பாடற்குழுவின் மேளதாளங்களை ஏற்றுவதற்கு ஒரு வான் வைத்திருந்தான். அவன் என் காதருகே வந்தான்.

"அண்ணே, இது பிஸ்னஸ்லா. வான் என்னோடது. பயம் உங்களோடது. பார்ட்னர்ஷிப் ஓகே?"

வீட்டுக்கு வந்து சறோவிடம் என் கண்டுபிடிப்பை அறிவித்தேன். இந்த நாட்டில் கஜு மரமே இல்லை, இவர்கள் அதைக் கண்டதே இல்லை.

அவள் சோற்றைக் கிளறிக்கொண்டே சொன்னாள்: "சுப்பர்மார்க்கெற்றிலை மூண்டாம் வரிசையிலை கிடக்கு. இந்தியாக் கஜு. நான் போன கிழமையும் பாயசத்துக்கு வாங்கினனான். நீங்கள் தள்ளுவண்டிலைப் பிடிச்சுக்கொண்டு பக்கத்திலைதான் நிண்டனீங்கள்."

"ஆனால் மிளகாய் போட்டது இல்லை," என்றேன். ஒரு கண்டுபிடிப்பாளன் அவ்வளவு சுலபமாக ஒதுங்கிவிட முடியாது.

பாலனின் தாச்சி

பாலனைப் பற்றி விளையாட்டாகச் சொல்ல முடியவில்லை. முயன்று பார்த்துவிட்டு விடுகிறேன்.

கொழும்பில் அவனுக்கு ஒரு பலசரக்குக் கடை இருந்தது. எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடி மாதக் கலவரத்தில் ஒரு பின்னேரம் அது எரிந்தது. எதிர்ப்பக்க மாடியில் ஒளிந்திருந்து அவன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு நாங்கள் இங்கே வரச்சொல்லிக் கூப்பிட்டோம். "ஒருக்கா நிண்டு பாக்கிறன் அத்தான்," என்றான். யாரோ ஒருவரின் வளவில் கொட்டகை போட்டு, பெரிய தாச்சி ஒன்று வைத்து, கஜு வறுக்கத் தொடங்கினான்.

அந்தத் தொண்ணூறு பெட்டிக்குள் அவன் கொட்டகையில் அந்தப் பருவம் முழுவதும் வறுத்தது எல்லாம் இருந்தது. "இது நல்லபடியாய்ப் போய்ச் சேந்தால் கொட்டகை நிக்கும்," என்று முந்திய கடிதத்தில் எழுதியிருந்தான். "இல்லாட்டி திரும்ப ஆரோ ஒருத்தரின்ரை கடையிலை நிண்டு சாமான் நிறுக்கிறதுதான்."

அவ்வளவுதான். இனி நான் வழக்கம்போலக் கோமாளித்தனத்துக்குத் திரும்புகிறேன்.

ஒடியல் கடித்த கதை

இந்த நாட்டின் குவாரன்டீன் காரரை எனக்கு முன்பே தெரியும். வெளிநாட்டு விதை, இலை, பூச்சி, மண் எதுவும் உள்ளே நுழையாமல் பார்த்துக்கொள்வது அவர்கள் வேலை. சிட்னி விமான நிலையத்தில் நான் வந்திறங்கிய முதல் நாளே எங்களுக்குள் அறிமுகமாகிவிட்டது.

நண்பன் ஒருவன் யாழ்ப்பாணத்திலிருந்து கொண்டுவந்து தந்த ஒடியல் கட்டு ஒன்று என் பெட்டிக்குள் இருந்தது. பனங்கிழங்கைப் பிளந்து வெயிலில் காயவைத்தது. அதிகாரி ஒன்றை எடுத்து வளைத்தார், வளையவில்லை. மேசையில் தட்டினார், விறகுச் சத்தம் கேட்டது.

"இது என்ன மரம்?"

"சாப்பாடு, சேர்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் ரோசம் வந்து, நிரூபிப்பதற்காக ஒரு துண்டை வாயில் வைத்துக் கடித்தேன். பல் ஆடியது. ஒடியல் உடையவில்லை. ஒடியல் முழுவதும் குப்பைத்தொட்டிக்குப் போனது. பல் என்னோடு வந்தது, இரண்டு மாதம்.

ஆகவே கஜுவுக்கு விதிப் புத்தகத்தை வரி வரியாகப் படித்திருந்தேன். வறுத்த கொட்டை வரலாம். அதோடு மண் வரக்கூடாது, பூச்சி வரக்கூடாது, விதை, இலை, புல் எதுவும் வரக்கூடாது. பிடிபட்டால் சரக்கைத் திருப்பி அனுப்பலாம், அல்லது எரித்து அழிக்கலாம்.

வறுத்த கஜுவுக்கு உயிர் இல்லைதான். அறுகம்புல்லுக்கு இருக்கிறதே!

கடலில் மூன்று கிழமை

கப்பல் வந்துசேர மூன்று கிழமை, இருபத்தொரு நாள். ஒரு மனிதன் பயப்படுவதற்கு அது தாராளமான காலம்.

முதல் வேலையாகப் பாலனுக்குத் தொலைபேசி எடுத்தேன். பக்கத்து வீட்டுக்காரர் அவனைக் கூட்டிவரும்வரை நின்ற நிலையில் காத்திருந்தேன்.

"பாலன், அந்தப் பெட்டி எங்கை இருக்கு?"

"முதல் பெட்டியல்லோ அத்தான். முதலிலை வச்சது. எல்லாத்துக்கும் அடியிலை."

"புல்லு எவ்வளவு?"

"இருபத்தொண்டு. எண்ணித்தான் வச்சனான். ஏன், காணாதோ?"

"காணும்! காணும்! ஏன்ரா வச்சனி?"

மறுமுனையில் அவனுக்கு என் கேள்வியே விளங்கவில்லை. "பிள்ளையார் இல்லாமல் முதல் சரக்கை எப்பிடி அத்தான் அனுப்புறது?"

புல் பிடிபட்டால் சரக்கையே எரிக்கலாம் என்று மட்டும் சொன்னேன்; அதற்குமேல் அவனைக் கண்டிக்க எனக்குத் தகுதியில்லை. நான் கார் வாங்கிய அன்றைக்கு நாலு சில்லுக்குக் கீழும் எலுமிச்சம்பழம் வைத்து நசித்தவன்.

அதன்பிறகு என் மூளை தன்பாட்டில் வேலை செய்தது. இருபத்தொரு புல்லும் துறைமுகத்தில் விழுந்து வேர்விடும். ஆறு மாதத்தில் சிட்னியை மூடும். ஆடுமாடுகள் தின்று படுத்துவிடும். கமக்காரர்கள் உழவு இயந்திரங்களில் ஊர்வலம் வருவார்கள். பத்திரிகையில் என் படமும் பக்கத்தில் மஞ்சள் பிள்ளையாரின் படமும் வரும். இரண்டில் அவருடையதுதான் தெளிவாக இருக்கும்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் சேவியரிடம் ஆலோசனை கேட்டேன். அது என் மூன்றாவது மடமை.

"சொல்லாதீங்க அண்ணே. தொண்ணூறு பெட்டியில ரெண்டு மூணுதான் திறப்பாங்க. அடியில இருக்கிறதை யாரு தேடப் போறா?"

"தேடினால்?"

சேவியர் சாண்ட்விச்சை மெல்லுவதை நிறுத்தினான். "தேடினா எல்லாத்தையும் எரிப்பாங்க. எங்க மாமி கொண்டுவந்த கருவாட்டை என் கண்ணு முன்னாடியே தூக்கிட்டுப் போனாங்க. மாமி இன்னும் அதைப் பத்திப் பேசினா அழுவாங்க."

அன்று பின்னேரம் சறோவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். தம்பியின் அறுகம்புல்லைக் குறை சொல்லப்போகிறேனே என்று பயந்துகொண்டுதான் தொடங்கினேன். அவள் கதிரையை இழுத்துப்போட்டு எனக்கு முன்னால் இருந்தாள்.

"ஒளிச்சுக் கண்டுபிடிச்சால் எல்லாத்தையும் எரிப்பினமோ?"

"ஓம்."

"சொன்னால்?"

"தெரியாது. சிலவேளை புல்லை மட்டும்."

மேசை விரிப்பில் நகத்தால் ஒரு கோடு கீறினாள்.

"அவன் ஒருக்கா எரிஞ்சதைப் பாத்தவன். இன்னொருக்கா எரிஞ்சது எண்டு நான் அவனுக்குக் கடிதம் எழுத மாட்டன். போய்ச் சொல்லுங்கோ."

நான் குவாரன்டீன் அலுவலகத்துக்குப் போனேன். என் நேர்மையை மெச்ச வேண்டாம். பொய் சொன்னால் எனக்குக் காது சிவக்கும். அதிகாரிகள் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

அரைக்காற்சட்டை அதிகாரி

அவர் பெயர் கொலின் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறடிக்கு மேல் உயரம். காக்கி அரைக்காற்சட்டை, முழங்கால்வரை வெள்ளைக் காலுறை, புறங்கையெல்லாம் வெயில் புள்ளிகள்.

அடுத்த சனிக்கிழமை புல் வெட்டும்போது மெஷின் சத்தத்துக்குள் வாக்குமூலத்தைப் பன்னிரண்டு முறை ஒத்திகை பார்த்திருந்தேன். "ஐயா, என் மைத்துனர் மத நம்பிக்கையின் காரணமாக" என்று தொடங்கும். கொலினுக்கு முன்னால் நின்றபோது வாயில் வந்தது வேறு.

"ஒன்றாம் பெட்டிக்குள் கடவுள் இருக்கிறார். அவருடைய தலையில் புல் இருக்கிறது. இருபத்தொன்று."

கொலின் பேனாவைக் கீழே வைத்தார். "உயிருள்ளவரா?"

"புல்லா?"

"கடவுள்."

"மஞ்சள்தூள், சேர்."

"அப்படியென்றால் சரி. கப்பல் வந்ததும் திறந்து பார்ப்போம்."

கப்பல் வந்தது. துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய தகரக் கொட்டகை. மரத்தட்டுகளின் மேல் எங்கள் பெட்டிகள் அடுக்கியிருந்தன. பாலன் சொன்னது சரி. ஒன்றாம் இலக்கம் எல்லாவற்றுக்கும் அடியில்.

நானும் சேவியரும் ஒவ்வொன்றாக இறக்கினோம். கொலின் தேநீர்க் குவளையோடு ஓரத்தில் நின்று எண்ணினார். ஐம்பதாவது பெட்டியில் சேவியரின் சட்டை நனைந்து முதுகில் ஒட்டியது.

"உங்கள் கடவுளை மேலே வைத்திருக்கலாமே," என்றார் கொலின்.

"அவர்தான் எல்லாவற்றுக்கும் முதல்வர், சேர். அதனால் அடியில்."

சேவியர் மூச்சிரைத்தான். "எங்க ஆளா இருந்தா பேசாம மேல வச்சிருப்போம் அண்ணே."

பெட்டி திறந்தது. வறுத்த கஜுவின் மணமும் மஞ்சள் மணமும் ஒன்றாக எழுந்தன. தகரங்களுக்கு நடுவில், பழைய செய்தித்தாள் மெத்தையில், கட்டைவிரல் அளவு பிள்ளையார். கடல் பயணத்தில் காய்ந்து வயிற்றில் ஒரு வெடிப்பு. சுற்றிவர வாடி வெளிறிய புல்.

கொலின் சிறிய இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து வெள்ளைத் தட்டில் வைத்தார். நான் மனதுக்குள் எண்ணினேன். அவர் வாய்விட்டு எண்ணினார். பத்தொன்பதில் நின்றுவிட்டது.

"இருபத்தொன்று என்றீர்களே?"

என் காது சிவந்தது. பொய் சொல்லாத நாளில் சிவந்துவிட்டது! இரண்டு புல் தலைமறைவு. மூன்று பேரும் முழங்காலில் நின்று தேடினோம். செய்தித்தாளை விரித்தோம். தகரங்களைத் திருப்பினோம். என் காற்சட்டை மடிப்பைக்கூட உதறிக் காட்டினேன். பாலன் பிழையாக எண்ணியிருப்பான் என்று சொல்ல வாயெடுத்தேன். கடை வைத்திருந்தவன், அவன் எண்ணிக்கை பிழைக்காது.

சேவியர்தான் கண்டான். "சார், பின்னாடி பாருங்க."

இரண்டு புல் பிள்ளையாரின் முதுகோடு சேர்த்து மஞ்சளுக்குள் அழுத்தியிருந்தன. கொலின் பிள்ளையாரை உள்ளங்கையில் ஏந்தி, இடுக்கியை மெதுவாக முதுகில் நுழைத்தார். இழுப்பதற்கு முன் குனிந்து அவரிடமே, "மன்னிக்கவும், மேட்," என்றார்.

இருபத்தொன்று.

பிறகு பூதக்கண்ணாடியை எடுத்து ஒரு புல்லைப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். கணுவைப் பார்த்தார். நுனியில் விரல்போலப் பிரிந்திருந்த காய்ந்த பூவைப் பார்த்தார். எவ்வளவோ நேரம் எடுத்தார். என் மனதில் ஒரு கொட்டகை எரிந்துகொண்டிருந்தது.

"என்னோடு வெளியே வாருங்கள்," என்றார்.

போனோம். சேவியர் சிலுவை போட்டுக்கொண்டதைக் கண்டேன். கொலின் கொட்டகைச் சுவரோரம் கொங்கிறீற் வெடிப்புக்கு முன்னால் குந்தி, அங்கே படர்ந்திருந்த புல்லில் ஒரு முழம் பிடுங்கினார். இடுக்கியில் இருந்த புல்லைப் பக்கத்தில் பிடித்தார். ஒன்று காய்ந்தது, ஒன்று பச்சை. கணுவுக்குக் கணு ஒன்றே.

"இதை நாங்கள் கூச் என்போம். என் வீட்டு முற்றம் முழுக்க இதுதான். பதினைந்து வருடமாகக் கொல்லப் பார்க்கிறேன், சாகவில்லை. இதைக் கடல் தாண்டி அனுப்புகிறார்களா?"

நான் கொழும்பில் வளர்ந்தவன். சறோவும் அப்படித்தான். அறுகம்புல்லைக் கோவில் வாசலில் நூலால் கட்டிய கட்டாகத்தான் கண்டிருக்கிறோம். அது நிலத்தில் எப்படி இருக்கும் என்று யாரும் எங்களுக்குக் காட்டியதில்லை. நாங்களும் கேட்டதில்லை.

"என்றாலும் விதி விதிதான்," என்று கொலின் இருபத்தொரு புல்லையும் ஒரு பைக்குள் போட்டு ஒட்டினார். பிறகு ஆறு பெட்டிகளைத் திறந்து, தகரங்களைக் கொட்டி, பூச்சி இல்லை என்று கண்டு, தாளில் கையெழுத்து வைத்தார். பிள்ளையாரையும் ஒரு முறை பூதக்கண்ணாடியால் சோதித்துவிட்டு என் கையில் தந்தார். மசாலாப் பொருள், காய்ந்தது, அனுமதிக்கலாம்.

வானில் ஏறியதும் சேவியர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சொன்னான்: "தொண்ணூறு பெட்டி தூக்கினோம் அண்ணே. உங்க வீட்டு வாசல்ல கிடக்கிற புல்லுக்கு."

பின்னேரம் பாலனுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"எரிச்சவையோ அத்தான்?" அவன் குரல் மிகச் சிறியதாக வந்தது.

"புல்லை மட்டும். கஜு எல்லாம் வெளியிலை வந்திட்டுது. தொண்ணூறும்."

கம்பியின் இரைச்சலுக்குள் அவன் விசும்புவது கேட்டது. சறோ தொலைபேசியை என் கையிலிருந்து பறித்து, "அழாதை, உதென்ன," என்று சொல்லிக்கொண்டே தானும் அழுதாள். பிறகு நான் திரும்ப வாங்கினேன்.

"அடுத்த முறை பிள்ளையாரை அனுப்பு," என்றேன். "புல்லு வேண்டாம். இஞ்சை இருக்கு."

சறோ பிள்ளையாரைச் சாமியறையில் வைத்துவிட்டு அறுகம்புல் பிடுங்கப் பின்வளவுக்குப் போனாள். வெறுங்கையோடு திரும்பி வந்தாள். முந்திய சனிக்கிழமை நான் எல்லாவற்றையும் ஒட்ட வெட்டியிருந்தேன்.